மேகத்துக்குள் ரேடியோ ஓய்ந்தால்: மான்டரேயிலிருந்து சான்டா பார்பரா வரை

கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து தெற்கே சான்டா பார்பராவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 160 கடல் மைல். சலினாஸ், பாசோ ரோப்லெஸ், சான் மார்கஸ் ஆகிய மூன்று வி.ஓ.ஆர். வழிகாட்டி ரேடியோ நிலையங்களைத் தொட்டுக்கொண்டு போனால் இன்னும் பதினைந்து மைல் கூடும். செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்துக்கு இது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். கோடைக் காலையில் மான்டரே விரிகுடாவைக் கடல் பனிமூட்டம் மூடிக்கிடக்கும். ஓடுபாதை கண்ணில் படும், அதற்கு மேலே சில நூறு அடியிலேயே சாம்பல் நிறக் கூரை தொடங்கிவிடும். அந்தக் கூரைக்குள் நுழைகிற விமானிக்கு வெளியே பார்க்க எதுவும் இல்லை. விமானம் சாய்கிறதா, ஏறுகிறதா, எந்தத் திசையில் போகிறது என்பதையெல்லாம் கருவிகளே சொல்லும். அதே மேகத்துக்குள் இன்னொரு விமானம் இருக்கிறதா என்பதைக் கருவிகள் சொல்லாது. அதைச் சொல்வது தரையில் ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலரின் குரல். அந்தக் குரல் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை என்ன என்பதை, இந்தப் பாதையில் எந்த இடத்தில் எது நேரக்கூடும் என்ற வரிசையிலேயே பார்ப்பது எளிது.

என்ஜினை இயக்கியதும் தரையிலேயே கிளியரன்ஸ் வாங்கப்படுகிறது. அதில் ஐந்து செய்திகள் இருக்கும்: எதுவரை அனுமதி, எந்த வழி, எந்த உயரம், கிளம்பியபின் எந்த அலைவரிசை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் எந்த எண். உயரம் பெரும்பாலும் இரண்டாகச் சொல்லப்படும். உதாரணமாக, "3,000 அடிக்கு ஏறி அங்கேயே இருங்கள், கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து 7,000 அடியை எதிர்பாருங்கள்." புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்து அரைகுறையாகக் குறித்துக்கொள்வதுண்டு. உண்மையில் அந்த வாக்கியம் ரேடியோ ஓய்ந்துபோகும் நேரத்துக்காகவே சொல்லப்படுகிறது. இனி ஒரு சொல்லும் காதில் விழாமல் போனாலும், எந்த நேரத்தில் விமானம் எந்த உயரத்துக்குப் போகும் என்பதில் விமானியும் கன்ட்ரோலரும் முன்கூட்டியே உடன்பட்டுவிடுகிறார்கள். கிளம்பிய நேரத்தைத் தாளில் எழுதிவைப்பதும் இதற்காகத்தான். அந்த நேரம் தெரியாவிட்டால் "பத்து நிமிடம் கழித்து" என்பதற்குப் பொருளே இல்லாமல் போகும்.

ரேடியோ கோளாறுகளில் பெரும்பாலானவை ரேடியோவுக்கு வெளியே இருப்பவை. அவற்றில் பலவற்றைத் தரையிலேயே பிடித்துவிடலாம். சிறு விமான ஹெட்செட்டின் வடம் இரண்டு பிளக்குகளில் முடிகிறது. தடித்தது, கால் அங்குல விட்டம் கொண்டது, காதுக்கு. சற்று மெலிந்தது மைக்குக்கு. இரண்டும் கருவிப் பலகையின் அடியிலோ பக்கச் சுவரிலோ உள்ள துளைகளில் செருகப்பட்டிருக்கும். ஏறி உட்காரும்போது முழங்கால் பட்டு மைக் பிளக் அரைக்கால் அங்குலம் வெளியே வந்தால் போதும்: கன்ட்ரோலர் பேசுவது தெளிவாகக் கேட்கும், விமானி பேசுவது யாருக்கும் கேட்காது. விரலால் அழுத்தி, ஒரு திருகு திருகினால் உள்ளே சரியாக அமர்ந்துவிடும். துளையின் உட்புறத் தகடு கறுத்திருந்தால் அந்தத் திருகலே அதைத் துடைத்தும் விடும். தேர்ந்த விமானிகளின் கை, உட்கார்ந்ததும் தானாக அங்கே போகும்.

அடுத்தது ஆடியோ பேனல். எந்த ரேடியோவில் பேசுவது, எதையெல்லாம் கேட்பது, ஒலி காதுக்கா ஸ்பீக்கருக்கா என்பதைத் தீர்மானிக்கிற பொத்தான் வரிசை இது. முந்தைய விமானி இரண்டாம் ரேடியோவில் பேசும்படி வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்தவர் முதல் ரேடியோவில் அலைவரிசையைத் திருகிவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருப்பார். கிளியரன்ஸை ஒரு ரேடியோவில் வாங்கி, டாக்ஸி அனுமதியை மற்றொன்றில் கேட்பது நல்ல பழக்கம். கூடுதல் வேலை எதுவும் இல்லாமலேயே இரண்டு ரேடியோவும் பேசுகின்றன, கேட்கின்றன என்பது கிளம்புமுன் உறுதியாகிவிடும்.

மேற்கு நோக்கிக் கிளம்பினால் ஓடுபாதை முடிந்த சிறிது நேரத்தில் கீழே கடல் வந்துவிடும், மேலே மேகமும் வந்துவிடும். டவர், வடக்கு கலிபோர்னியா அப்ரோச் என்ற ரேடார் மையத்தின் அலைவரிசையைச் சொல்லி விடைகொடுக்கும். இந்தக் கைமாற்றும் நொடிதான் மிகுதியாகப் பேச்சு அறுபடும் இடம். ஏறிக்கொண்டிருக்கும் விமானம், மேகத்துக்குள் முதல் நிமிடம், வேகமாகச் சொல்லப்பட்ட பல இலக்க எண்: ஒன்று மாறி விழுவது இயல்பு. விமானி தன்னை அறிவிக்கிறார், பதில் இல்லை. மறுபடி அறிவிக்கிறார், அப்போதும் இல்லை.

முதல் விதி, விமானத்தை ஓட்டுவதை விடக் கூடாது. தலையைக் குனிந்து குமிழ்களைத் தேடுகிறவருக்கு மேகத்துக்குள் உட்காது குழம்பிவிடும். விமானம் சாய்ந்துகொண்டிருக்க, நேராகப் போவதாக உடல் சொல்லும். பேச்சு அறுந்ததால் ஆகும் ஆபத்தைவிட இது பல மடங்கு பெரியது. ஆகவே, சாய்வுமானியை ஒரு பார்வை, பிறகு ஒரு குமிழ், மீண்டும் சாய்வுமானி என்று போவதே சரி.

இரண்டாவது, பழைய அலைவரிசைக்குத் திரும்புவது. இன்றைய ரேடியோக்களில் நடப்பு எண்ணும் காத்திருப்பு எண்ணும் பக்கம் பக்கமாகத் தெரியும். ஒரே பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். முன்பிருந்த எண் காத்திருப்பில் அப்படியே இருப்பதால், ஒரு அழுத்தில் டவரிடம் திரும்பிப் போய் எண்ணை மறுபடி கேட்டுவிடலாம். பேச்சு அறுந்ததாகத் தோன்றும் நிகழ்ச்சிகளில் கணிசமானவை இந்த ஒற்றை அழுத்தில் தீர்ந்துவிடுகின்றன. புதிய எண் வந்ததும் பழையதை அழித்து வேறொன்றைத் திருகிவைப்பதற்கு முன், புதிய இடத்தில் பதில் வந்துவிட்டதா என்று பொறுத்திருப்பது இதனால்தான்.

அங்கேயும் சத்தம் இல்லையென்றால் சோதனை உள்ளே திரும்புகிறது. ஒலியளவு குறைந்திருக்கிறதா? ரேடியோவின் ஸ்க்வெல்ச்சைத் திறந்தால், அதாவது குமிழை இழுத்தாலோ அழுத்தினாலோ, காதில் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் வர வேண்டும். இரைச்சல் வந்தால் ரேடியோவின் கேட்கும் பகுதி, ஆடியோ பேனல், ஹெட்செட் மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். குறை அலைவரிசையிலோ ஆன்டெனாவிலோ தூரத்திலோ இருக்கிறது. இரைச்சலே இல்லையென்றால் குறை காதுக்கும் ரேடியோவுக்கும் இடையே. அப்போது ஸ்பீக்கரைப் போட்டு, கையில் பிடிக்கும் மைக்கை எடுக்க வேண்டும். பல ஆடியோ பேனல்களை முழுதாக அணைத்துவிட்டால் விமானியின் ஹெட்செட் முதல் ரேடியோவோடு நேராக இணைந்துகொள்ளும். பேனலே பழுதானாலும் ஒரு வழி மிஞ்சட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பிறகு இரண்டாம் ரேடியோ. அதன் பிறகு மின்சுற்றுப் பிரேக்கர். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிரேக்கரை ஆற விட்டு ஒருமுறை மட்டும் உள்ளே தள்ளலாம். மறுபடி வெளியே வந்தால் விட்டுவிட வேண்டும். ஒரு ரேடியோவுக்காகக் காக்பிட்டில் தீயை வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொரு வகைக் கோளாறு விமானிக்குத் தெரியாமலே மற்ற எல்லோரையும் ஊமையாக்கும். ஓட்டுக் கைப்பிடியில் உள்ள பேசும் பொத்தான் அழுந்தியபடியே மாட்டிக்கொள்வது அது. அவர் பேசாமல் இருந்தாலும் அவருடைய ரேடியோ அலை பரப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலைவரிசையில் உள்ள எல்லோருடைய பேச்சும் அதில் அடிபடும். அவருக்கோ அமைதி மட்டும். ரேடியோ முகப்பில் எரியும் சிறு 'டி.எக்ஸ்.' எழுத்துகள் இதைக் காட்டிக்கொடுக்கும். விரல் பொத்தானில் இல்லாதபோதும் அந்த எழுத்து எரிந்தால், பொத்தானை விடுவித்துப் பார்த்து, விடாவிட்டால் அந்த ரேடியோவையே அணைக்க வேண்டியதுதான்.

விமான ரேடியோ இன்றும் ஏ.எம். முறையிலேயே இயங்குகிறது, பேச்சுக்குரிய பகுதி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானது மட்டும் கேட்கும், மற்றது தடமில்லாமல் மறைந்துவிடும். ஏ.எம். முறையில் இரண்டும் மோதிக் கீச்சென்ற ஓசையாக வரும். யாரோ இன்னொருவரும் பேச முயன்றார் என்பதாவது தெரியும். அந்த ஓசையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு விமான வரலாற்றில் கொடிய சான்று உண்டு. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காத்திருக்கச் சொன்ன டவரின் சொல்லும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் அறிவிப்பும் ஒரே கணத்தில் கிளம்பின. மற்ற விமானமான கே.எல்.எம்.-இன் காக்பிட்டில் கேட்டதில் பெரும்பகுதி கீச்சொலி. சரியாகக் கேட்காததை மறுபடி கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய கடமை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சலினாஸைக் கடந்து தென்கிழக்கே திரும்பினால் வலப்புறம் சான்டா லூசியா மலைத்தொடர், இடப்புறம் கபிலான் தொடர், நடுவே கீரைத் தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. வி.எச்.எஃப். அலை ஏறத்தாழப் பார்வைக் கோட்டில் செல்லும், மலையைத் துளைக்காது. அது எட்டும் தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: அடியில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். 3,000 அடியில் சுமார் 67 மைல், 7,000 அடியில் 100 மைலுக்குச் சற்று மேல். இது சமவெளிக் கணக்கு. சான்டா லூசியாவின் உச்சியான ஹுனிபெரோ செர்ரா சிகரம் 5,800 அடிக்கு மேல். அதன் மறைவில் தாழப் பறந்தால் நல்ல ரேடியோவும் ஊமைதான். இங்கே ஓக்லண்ட் சென்டர் என்ற கட்டுப்பாட்டு மையத்தின் பகுதி தொடங்கும். அதன் கன்ட்ரோலர்கள் உட்கார்ந்திருப்பது ஃப்ரீமான்ட் நகரத்தில்; அவர்கள் குரல் தொலைவில் ஆங்காங்கே உள்ள ஆன்டெனாக்கள் வழியே வெளிவருகிறது. ஒரு ஆன்டெனாவின் எல்லையைக் கடந்து, அடுத்ததற்கு மாறும்படி சொல்லும் சொல் காதில் விழாமல் போனால், விமானம் மெதுவாக மௌனத்துக்குள் நழுவிவிடும். பழுது எதுவும் இல்லை, யாரும் தவறு செய்யவும் இல்லை.

இதற்கு மருந்து, வெகுநேரம் யாருடைய பேச்சும் காதில் விழவில்லையே என்று கவனிப்பது. பரபரப்பான வானத்தில் பத்து நிமிட அமைதி இயல்பல்ல. உடனே அழைத்துப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் உயரத்தில் போகும் வேறு விமானத்திடம் சொல்லி அனுப்பலாம். 30,000 அடியில் போகும் பயணிகள் விமானத்துக்குச் சென்டரும் கேட்கும், கீழே உள்ள செஸ்னாவும் கேட்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால் அவசர அலைவரிசையான 121.5. கார்மின் ரேடியோக்கள் பலவற்றில் எண் மாற்றும் பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தாலே அந்த எண் வந்துவிடும். இரண்டாம் ரேடியோவைப் பயணம் முழுக்க 121.5-இலேயே வைத்திருப்பவர்களைத் தேட வேண்டிய அவசியமே வராது: சென்டர் அங்கே அவர்களைக் கூப்பிட்டுப் புதிய எண்ணைச் சொல்லிவிடும்.

வாய் மட்டும் போய்க் காது மிஞ்சியிருக்கலாம். அப்போது கன்ட்ரோலர், "கேட்கிறதென்றால் ஐடென்ட் அழுத்துங்கள்" என்பார். டிரான்ஸ்பாண்டரின் அந்தப் பொத்தானை அழுத்தியதும் ரேடார் திரையில் விமானத்தின் புள்ளி தனித்துத் தெரியும். பிறகு கேள்விகளை ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியபடி கேட்டு, பயணம் முழுவதையும் அப்படியே நடத்திவிட முடியும். பேச்சு ரேடியோ இரண்டும் போய்விட்டால் வழிகாட்டும் ரேடியோ மிஞ்சும். சில வி.ஓ.ஆர். நிலையங்கள் மோர்ஸ் அடையாளத்தோடு மனிதக் குரலையும் பரப்பவல்லவை. ஆகவே வி.ஓ.ஆரின் ஒலியளவை ஏற்றிவைத்துக் காத்திருப்பது வீண் வேலையல்ல.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி 91.185, பேச்சு முற்றிலும் அறுந்த நிலைக்கானது. அதன் முதல் பகுதி எளிது. பலரும் மறக்கும் பகுதியும் அதுவே. விமானம் மேகத்துக்கு வெளியே, கண்ணால் பார்த்துப் பறக்கக்கூடிய வானிலையில் இருந்தால், அல்லது பிறகு அப்படிப்பட்ட இடத்துக்கு வந்தால், அப்படியே பறந்து, நடைமுறைக்கு ஒத்த அளவில் சீக்கிரமாக இறங்கிவிட வேண்டும். கண்ட இடத்தில் இறங்கு என்று இதற்குப் பொருள் இல்லை. பொருத்தமில்லாத நிலையத்தில் இறங்கவோ, சில நிமிடங்களில் எட்டக்கூடிய இலக்கை விட்டு முன்னாலேயே இறங்கவோ இது கட்டாயப்படுத்தவில்லை.

மான்டரேயின் கோடைப் பனிமூட்டத்தில் இந்த விதி உயிருள்ள விதி. அந்த மூட்டத்தின் தடிமன் பெரும்பாலும் ஆயிரம் அடிக்கு முன்பின். மேலே வந்தால் கண் கூசும் வெயில். கரையோர ஊர்கள் எல்லாம் மூடிக்கிடக்கும் அதே காலையில், மலைக்கு உள்ளே உள்ள பாசோ ரோப்லெஸ் பெரும்பாலும் வெட்டவெளியாக இருக்கும். அங்கே டவரும் கிடையாது. இறங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, சுற்றிப் பார்த்து, முறைப்படி வட்டமிட்டு இறங்கலாம். ரேடியோ இல்லாமல் சான்டா பார்பரா வரை போய், அங்கே மறுபடி மேகத்துக்குள் இறங்குவதைவிட இதுவே நல்லது. அந்த விமானத்துக்குப் பின்னால் மற்ற விமானங்களை நிறுத்திவைத்து வானத்தைக் காலி செய்துகொண்டிருக்கும் கன்ட்ரோலருக்கும் இதுதான் நிம்மதி. இறங்கியதும் தொலைபேசியில் சொல்லிவிட்டால் தேடுதல் தொடங்காது.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. பசிபிக்கிலிருந்து வரும் புயல்மழை, தரையிலிருந்து பல ஆயிரம் அடி வரை ஒரே மேகமாக நிற்கும். அந்த மழையிலும் பனித்துகளிலும் பறக்கும்போது விமானத்தின் மேனியில் மின்னேற்றம் சேர்ந்து, அது கசியும் ஓசை ரேடியோவில் சீறலாகக் கேட்கும். சில நேரம் பேச்சு முழுவதையும் விழுங்கிவிடும். இறக்கையின் பின்விளிம்பில் தொங்கும் மெல்லிய திரிகள் அந்த மின்னேற்றத்தை அமைதியாகக் காற்றில் விட்டுவிடுவதற்கானவை. ஒன்றிரண்டு உடைந்திருந்தாலும் பறக்குமுன் சுற்றிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டும். உறைபனி படிந்தால் ஆன்டெனாக்கள் கனத்து அதிர்ந்து முறிவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கொடியது ஆல்டர்னேட்டர் நின்றுபோவது. செஸ்னாவின் என்ஜின் அதனால் நிற்காது, தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், வழிகாட்டும் கருவிகள் எல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். நல்ல பேட்டரி அரை மணி நேரம் தாங்கலாம். பழையது அதையும் தாங்காது. குறைந்த மின்னழுத்த விளக்கு எரிந்ததும் ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்து, மீளாவிட்டால் சுமையைக் குறைக்க வேண்டும். ஒரு பேச்சு ரேடியோ, ஒரு வழிகாட்டி, டிரான்ஸ்பாண்டர் இவை போதும். உறைபனிக்கு வாய்ப்பில்லாத மேகம் என்றால், மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும், வேகமானிக்கான பிட்டாட் குழாயின் சூடேற்றியையும் அணைக்கலாம். கேட்பதைவிடப் பேசுவதற்கு ரேடியோ பல மடங்கு மின்சாரம் எடுக்கும். ஆகவே கடைசியாகப் பேசும் சில வாக்கியங்கள் யோசித்துப் பேசப்பட வேண்டியவை: மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, விரைவில் பேச முடியாது, இந்த நிலையத்தில் இந்த வழியில் இறங்கப்போகிறேன். இப்படிச் சொல்லிவிட்டால் அதன் பின் வரும் மௌனத்தில் யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது. கருவிகளால் பறக்கும்போது வழிகாட்டும் கருவியோ பேச்சுக் கருவியோ பழுதானால், எது, எந்த அளவுக்குப் பாதிப்பு, என்ன உதவி வேண்டும் என்று உடனே தெரிவிக்கச் சொல்லும் 91.187 விதியும் இதையே கேட்கிறது. ஒரு ரேடியோ போனதுமே, இன்னொன்று இருக்கிறதே என்று சும்மா இராமல், அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பையில் கையடக்க ரேடியோ இருந்தால் இங்கே அது விலைமதிப்பற்றது. அதன் சொந்தக் குச்சி ஆன்டெனா, உலோகக் கூட்டுக்குள் சில மைல்களுக்கே எட்டும். விமானத்தின் வெளி ஆன்டெனாவோடு இணைக்கும் ஒரு துளையை முன்பே பொருத்தியிருந்தால் எட்டும் தூரம் பெருமளவு கூடும். ஹெட்செட்டை அதோடு இணைக்கும் சிறு வடத்தையும் மறந்துவிடக் கூடாது. அது இல்லாமல் என்ஜின் இரைச்சலில் அந்த ரேடியோ பொம்மைதான். கைத்தொலைபேசியை வானில் பயன்படுத்த அமெரிக்காவில் பொதுவாகத் தடை உண்டு. ஆனாலும் உயிர்ப் பிரச்சினையில் டவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இலக்கு நிலையத்தின் எண்ணை முன்பே சேமித்துவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

எல்லா வழியும் அடைபட்டு, மேகமும் விலகவில்லை என்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600. அந்த எண் தெரிந்ததும் தரையில் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிடும்: இந்த விமானம் இனி விதியில் எழுதியபடியே போகும். விமானியின் கெட்டிக்காரத்தனம் இப்போது தேவையில்லை, அவர் என்ன செய்வார் என்பது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருப்பதுதான் தேவை.

வழியைப் பொறுத்தவரை, கடைசியாக ஒதுக்கப்பட்ட வழியில் போக வேண்டும். ரேடார் பார்த்துத் திசை சொல்லி ஓட்டிக்கொண்டிருந்த நேரமானால், எந்த இடத்துக்காக அந்தத் திசை தரப்பட்டதோ அந்த இடத்துக்கு நேராக. ஒதுக்கப்பட்டது இல்லையென்றால் எதிர்பார்க்கச் சொன்ன வழி. அதுவும் இல்லையென்றால் பறப்புத் திட்டத்தில் எழுதிக் கொடுத்த வழி. சான்டா லூசியா போன்ற மலை பக்கத்தில் இருக்கும்போது இரண்டாவது வாக்கியம் உயிர் காக்கும். கன்ட்ரோலர் ஒரு திசையைச் சொல்லிவிட்டு அடுத்த சொல் வராமல் போனால், அதே திசையில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருப்பது மலையில் கொண்டுபோய் விடலாம். எதற்காக இந்தத் திசை என்பதை வாங்கும்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லையென்றால் கேட்க வேண்டும்.

உயரத்துக்கு மூன்று எண்கள்: கடைசியாக ஒதுக்கியது, எதிர்பார்க்கச் சொன்னது, அந்தப் பகுதிக்குரிய குறைந்தபட்ச உயரம். இவற்றில் எது மிகுதியோ அது. வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். 7,000 அடியில் போகிறவருக்கு, ஒரு பகுதியின் குறைந்தபட்ச உயரம் 8,000 என்று வரைபடத்தில் இருந்தால், அங்கே ஏறிக் கடந்து, பிறகு 7,000-க்கே இறங்க வேண்டும். கிளம்பிய நான்காம் நிமிடம் பேச்சு அறுந்தால், குறைந்தபட்ச உயரம் மிகுதியாகக் கேட்காதவரை 3,000 அடியிலேயே இருந்து, பத்தாம் நிமிடம் 7,000-க்கு ஏற வேண்டும். தாளில் எழுதிய கிளம்பிய நேரம் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

சான்டா யினெஸ் மலை முகட்டில் சான் மார்கஸ் நிலையம். அதற்கு அப்பால் மலை சட்டென்று கடலுக்கு இறங்குகிறது. விமான நிலையம் அந்தக் குறுகிய கரையில், கோலீட்டாவில், பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. விதி சற்றுத் தடுமாறும் இடமும் இதுதான். கிளியரன்ஸ் பொதுவாக இலக்கு விமான நிலையம் வரை என்றே கொடுக்கப்படும். எழுத்துக்கு எழுத்து படித்தால், விமானம் நிலையத்தின் மேலே வந்து, அங்கிருந்து இறங்குமுறை தொடங்கும் இடத்துக்குத் திரும்பிப் போய், பறப்புத் திட்டத்தின்படி வந்துசேர வேண்டிய நேரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இறக்கத்தைத் தொடங்க வேண்டும். வட்டமிட்டுக் காத்திருக்கச் சொல்லி, மறு கிளியரன்ஸை எதிர்பார்க்கும் நேரமும் தரப்பட்டிருந்தால் அந்த நேரத்துக்கு. ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர்களோ, அந்த விமானம் நேராக வந்து ஒரு வழியில் இறங்கிவிட வேண்டும் என்றே விரும்புவார்கள். அது வானில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுற்றிலும் மற்றவர்களை விலக்கி வைத்திருக்க வேண்டும். எல்லா நிலைமைக்கும் பொருந்தும் விதி எழுத முடியாது, விமானியின் நிதானமான தீர்ப்பு வேண்டும் என்று நிர்வாகத்தின் கையேடே ஒப்புக்கொள்கிறது. மின்சாரமும் போய்க்கொண்டிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. அது அவசரநிலை, அவசரத்தில் எந்த விதியிலிருந்தும் தேவையான அளவு விலக விமானிக்கு 91.3 விதி உரிமை கொடுத்திருக்கிறது. காத்திருக்காமல் இறங்கலாம்.

மேகத்துக்குக் கீழே வந்து ஓடுபாதை விளக்குகள் தெரிந்ததும் டவரைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு விளக்குத் துப்பாக்கி விமானத்தை நோக்கி ஒளி வீசும். நிலையான பச்சை, இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்று. விட்டுவிட்டு எரியும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தால் மிகுந்த எச்சரிக்கை. பகலில் இறக்கைகளை ஆட்டியும், இரவில் விளக்கை மினுக்கியும் விமானி ஒப்புகை தருவார். தரையில் நிலைமை மாறுகிறது: விட்டுவிட்டு எரியும் பச்சை டாக்ஸிக்கு அனுமதி, நிலையான சிவப்பு நில், விட்டுவிட்டு எரியும் சிவப்பு ஓடுபாதையை விட்டு விலகு, வெள்ளை மினுக்கம் கிளம்பிய இடத்துக்கே திரும்பு. இந்தப் பட்டியலைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் மிகுதி. முழங்கால் பலகையில் சிறு அட்டையாக ஒட்டிவைப்பது நல்லது.

என்ஜினை நிறுத்திய பின் முதல் வேலை டவருக்கோ சென்டருக்கோ தொலைபேசி. பத்திரமாக இறங்கிய செய்தி போன பிறகே மூடிய வானம் மற்றவர்களுக்குத் திறக்கும். அடுத்தது, கோளாறை எழுத்தில் பதிவது: எந்த ரேடியோ, எந்த நேரம், மழையிலா வெயிலிலா, கேட்கவில்லையா பேச முடியவில்லையா, இரைச்சல் இருந்ததா. "ரேடியோ சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பழுதுபார்ப்பவர் தரையில் எதையும் கண்டுபிடிக்க முடியாது, அங்கே அது நன்றாகவே பேசும். மழையில் மட்டும் போனது என்று தெரிந்தால் ஆன்டெனாவின் அடிப்பகுதியில் நீர் புகுந்திருக்கிறதா, வடத்தின் இணைப்பு அரித்திருக்கிறதா என்று நேராக அங்கே போவார். கருவிகளால் பறப்பதற்கு வி.ஓ.ஆர். கருவியை 30 நாளுக்கு ஒருமுறையும், டிரான்ஸ்பாண்டரை 24 மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பேச்சு ரேடியோவுக்கு அப்படித் தனிக் கெடு எதுவும் இல்லை. ஆண்டுப் பரிசோதனையில் அதன் பொருத்தத்தையும் வடங்களையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மற்றபடி அதைச் சோதிக்கிறவர், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பிளக்கை அழுத்திப் பார்த்து, இரண்டு ரேடியோவிலும் ஒருமுறை பேசிப் பார்க்கிற விமானியே.